பழைய பாய்மரப் படகு வாங்குவது: 36 அடி கனமான படகா, 40 அடி வசதியான படகா?

செம்பூர்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். நானும் மனைவியும் இன்னும் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டுக் கடலில் கிளம்புவதாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பேருமே மும்பை கொலாபாவில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றவர்கள். மற்றவர்கள் படகில் கோவா வரை போய் வந்திருக்கிறோம், ராத்திரி வாட்ச் பழக்கம் உண்டு. முதலில் மாலத்தீவு, அங்கிருந்து செஷல்ஸ், அதற்கு மேல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கையில் எல்லாம் சேர்த்து 70 லட்சம்.

மும்பையில் விற்பனைக்கு வருவதெல்லாம் துறைமுகத்துக்குள் சுற்றுகிற சின்னப் படகுகள். அதனால் மலேசியாவின் லங்காவியில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1987இல் கட்டிய 36 அடி, அடிப்பக்கம் முழுக்க ஓடும் நீண்ட கீல் (படகின் அடியில் இறங்கும் கனமான பகுதி), படகை நிமிர்த்தி வைக்கும் பேலஸ்ட் ஈயம் ஹல்லுக்குள்ளேயே, அதாவது படகின் உடலுக்குள்ளேயே வைத்து மூடியது. அகலம் 11 அடி, எடை 14,700 பவுண்டு, கேட்கும் விலை 42 லட்சம். ஒரு வயதான தம்பதி அதிலேயே பல வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். இன்னொன்று 2006 மாடல் 40 அடி, துடுப்பு மாதிரி ஒடுங்கிய, போல்ட் போட்ட ஃபின் கீல், தனியாகத் தொங்கும் ஸ்பேட் ரட்டர் சுக்கான். அகலம் 12.9 அடி, எடை 16,500 பவுண்டு, விலை 62 லட்சம். முன்பு வாடகைக்கு ஓடியது. ஆனால் கடல் வரைபடம் காட்டும் புது சார்ட் பிளாட்டர், ரேடார், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், சோலார், மூன்று கேபின் எல்லாம் இருக்கிறது.

மனைவிக்கு 40 அடிதான் பிடித்திருக்கிறது, உள்ளே வெளிச்சமும் காற்றும் தாராளம். 36 அடியின் உள்ளே தேக்குப் பலகையும் இருட்டும்தான். கடலில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதை எடுக்கலாம்?

கொலாபா_ஞாயிறு:

நான் 40 அடி பக்கம். காரணம் சொல்கிறேன். அரபிக்கடலில் ஜனவரி, பிப்ரவரியில் பல நாள் மணிக்கு எட்டு, பத்து கடல் மைல் வேகக் காற்றுதான் இருக்கும். நீண்ட கீல் படகு அந்தக் காற்றில் அசையவே அசையாது, எஞ்சினைப் போட்டு டீசலைத்தான் எரிப்பீர்கள். காற்றை எதிர்த்து ஏறுவதிலும் ஃபின் கீலுக்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசம். மெரினாவுக்குள் ரிவர்ஸில் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும். ஃபின் கீல் என்றாலே கடலுக்கு ஆகாது என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஒவ்வொரு வருடமும் ஏஆர்சி என்ற கூட்டுப் பயணத்தில் கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டுகிறவற்றில் பெரும்பகுதி இந்த மாதிரித் தொழிற்சாலைப் படகுகள்தான். இரண்டு பேர் வருடக்கணக்கில் உள்ளே வாழப் போகிறீர்கள். மனைவிக்குப் பிடிக்காத படகு ஒரே சீசனில் விற்பனைக்கு வந்துவிடும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

நெரூல்_எஞ்சின்ரூம்:

செம்பூர் சார், நீளத்தையும் கருவிப் பட்டியலையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். விற்கிறவர் உங்களுக்குக் காட்டுவது கண்ணுக்குத் தெரிகிற பொருட்களை. நீங்கள் வாங்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நான்கைந்து இடங்களை. கீல் ஹல்லோடு சேரும் இடம், மாஸ்டை (பாய்மரத்தை) இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகோடு மாட்டும் செயின்பிளேட் பட்டைகள், சுக்கான் தண்டு, டெக்கின் உள் அடுக்கு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓட்டைகள். ரேடார் கெட்டுப்போனால் மாலத்தீவு வரை இல்லாமலே போகலாம். செயின்பிளேட் விட்டால் மாஸ்ட் போய்விடும்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஒரு கணக்கு. பிரிட்டனின் 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின, புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எந்த மாதிரிப் படகு கவிழ்கிறது என்று தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்கள், அந்தக் காலத்தில் வந்ததுதான் கவிழும் அளவைச் சொல்லும் இந்தச் சூத்திரம். எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கன மூலத்தால் அடிக்கணக்கில் அகலத்தை வகுக்க வேண்டும். 2க்குக் கீழே வந்தால் ஆழ்கடலுக்குத் தேறும் என்பார்கள். உங்கள் 36 அடிக்கு 1.80 வருகிறது, 40 அடிக்கு 2.03. அந்தப் பந்தயத்தில் தன் வகுப்பில் முடித்த ஒரே படகு ஒரு கான்டெஸா 32, அதற்கு இதே கணக்கில் சுமார் 1.8 வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தச் சூத்திரத்துக்குப் படகின் எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. மாஸ்ட் உச்சியில் ஒரு டன் இரும்பைக் கட்டினாலும் எண் நல்லதாகவே வரும். ஆகவே இதை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். கட்டியவரிடம் ஸ்டெபிலிட்டி வளைவு கிடைத்தால் வாங்கி, எத்தனை டிகிரி வரை சாய்ந்தாலும் திரும்ப நிமிரும் என்று பாருங்கள்.

வேகம் பற்றி கொலாபா நண்பர் சொன்னது சரிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லங்காவியிலிருந்து மாலத்தீவின் உலிகன் சுமார் 1,600 கடல் மைல். கனமான 36 அடி ஒரு நாளைக்கு 120 மைல் போனால் 13, 14 நாள். 40 அடி 150 போனால் 11 நாள். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்காக 20 லட்சம் கூடக் கொடுக்கிறீர்கள்.

பணம்தான் இதில் முக்கியமான விஷயம். 70இல் 62 படகுக்குப் போனால் கையில் 8 நிற்கும். மாஸ்டைத் தாங்கி நிற்கும் கம்பிகள், அதாவது ரிக்கிங், பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றாமல் காப்பீடு கிடைப்பது கஷ்டம். பாய்கள் லங்காவி வெயிலில் நைந்திருக்கும். லைஃப் ராஃப்ட் சர்வீஸ், நங்கூரச் சங்கிலி, பேட்டரி, அடி ஓட்டைகளை மூடும் சீகாக் வால்வுகள், கரையேற்றும் செலவு. 8 லட்சம் ரிக்கிங்கையும் பாயையும் பார்க்கவே போதாது. வாங்கும் விலைக்கு மேல் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 36 அடியை எடுத்தால் அது உங்களிடம் இருக்கும்.

தூத்துக்குடி_தோணி:

அண்ணே, நான் ஜேஎன்பிடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன், குடும்பம் தோணித் தொழில். தாத்தா காலத்தில் பாய் விரித்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர்கள். இங்கே யாரும் வலையைப் பற்றிப் பேசவில்லையே.

வெர்சோவாவிலிருந்து வசாய் வரைக்கும் கோலி மீனவர்கள் டோல் வலை போடுவார்கள், கடலுக்குள் மரக்கம்பு நட்டு அதில் பை மாதிரிக் கட்டிய வலை. ரத்னகிரிப் பக்கம் போனால் மைல் கணக்கில் நீளும் மிதவை வலை, ராத்திரியில் பல வலைகளுக்கு விளக்கே இருக்காது. கேரளக் கடலிலும் இலங்கையைச் சுற்றியும் இதே கதைதான். ஃபின் கீலுக்கும் ஸ்பேட் ரட்டருக்கும் நடுவில் புரொப்பல்லர் திறந்து கிடக்கிறது. வலை அங்கே போய்ச் சுற்றினால் யாராவது கத்தியோடு அலைக்கு நடுவில் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். நீண்ட கீலில் சுக்கான் கீலின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும், புரொப்பல்லர் இரண்டுக்கும் நடுவில் ஒரு பொந்துக்குள் இருக்கும், வலைக்கயிறு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நம்ம கடலுக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று, வலை போட்டவனுக்கும் அது பிழைப்பு. வலையை அறுத்துவிட்டு ஓடுகிற படகாக இருக்காதீர்கள். பகலில் கரையோரமும் ராத்திரியில் இருபது முப்பது மைல் வெளியேயும் போனால் பாதித் தொல்லை குறையும்.

கொலாபா_ஞாயிறு:

வலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது எனக்கும் நடந்திருக்கிறது. பணக் கணக்கும் நியாயம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் 40 அடி, ஈரம் ஏறிப்போன 36 அடியைவிட எவ்வளவோ மேல். படகு வகையைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்தக் குறிப்பிட்ட படகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நெரூல்_எஞ்சின்ரூம்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். ஃபின் கீல் படகு என்றால் எதைப் பார்ப்பது என்பதற்கு உதாரணம், 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடி வகைப் படகின் கீல் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். ஹல்லுக்குள் ஒட்டியிருந்த மேட்ரிக்ஸ் சட்டகம் முன்பு தரை தட்டியதாலும், அதைத் தொடர்ந்து செய்த பழுதுபார்ப்புகளாலும் பலவீனமாகியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. வாடகைப் படகுகள் தரை தட்டாமல் இருப்பது அபூர்வம். ஆகவே 2006 படகில் தரைப் பலகைகளைத் தூக்கி, கீலின் பின் முனைக்கு நேர் மேலே, சட்டகம் ஹல்லோடு ஒட்டும் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசலோ, புதிதாகப் பூசிய ஜெல்கோட் மேல்பூச்சோ தெரிந்தால் கேள்வி கேளுங்கள். வெளியே கீலின் முன் முனையில், ஹல்லோடு சேரும் கோட்டில், சிரிக்கும் வாய் போல ஒரு விரிசலும் துரு வடிந்த தடமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த மாதம் நேரில் போகிறோம். சர்வேயர் வைப்பேன், ஆனால் அவர் வருவதற்கு முன் நானே இரண்டு படகையும் ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது? நெரூல் சார், விரிவாகச் சொல்ல முடியுமா?

நெரூல்_எஞ்சின்ரூம்:

சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவர், நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி, பேனாக்கத்தி எடுத்துப் போங்கள்.

முதலில் டெக். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஒரு கைப்பிடி தூரம் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், உள்ளே பால்சா மரம் ஊறிப்போன இடம் தொப்பென்று மங்கிக் கேட்கும். ஓரக் கம்பியைத் தாங்கும் ஸ்டான்ஷன் கால்களின் அடி, கயிறு இழுக்கும் வின்ச், நங்கூரப் பொறி, ஹேட்ச் (டெக் மூடி) ஓரம் என்று ஆணி இறங்கிய இடங்களைச் சுற்றித்தான் தண்ணீர் புகும். 1987 படகில் தேக்கு டெக் ஸ்க்ரூ போட்டுப் பதித்திருந்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை, அதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் செயின்பிளேட். துருப்பிடிக்காத எஃகு என்பது காற்று படும் இடத்தில்தான் துருப்பிடிக்காது. டெக்குக்குள் ஈரத்தில், காற்றுப் புகாமல் பல வருடம் உட்கார்ந்தால் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அரித்துவிடும். குறைந்தது ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். கப்பலில் நாங்கள் செய்கிற டை பெனிட்ரன்ட் சோதனையை இதிலும் செய்யலாம், மூன்று ஸ்ப்ரே டப்பாதான். துடைத்துச் சுத்தம் செய்து சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருக்கும் சாயத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். அப்போது எஃகு வெறுமையாகத்தான் தெரியும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் அந்த வெள்ளையின் மேல் ஒரு சிவப்புக் கோடு தானாக ஊறி வெளியே வரும், பென்சிலால் போட்ட மாதிரி. வெறும் கண்ணால் நூறு தடவை பார்த்தாலும் பிடிபடாத விரிசல் அது. கம்பிகளின் கீழ் முனையை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்வேஜ் ஃபிட்டிங்குகளிலும் இதையே செய்யுங்கள், மழைத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அங்கேதான் தங்கும்.

சீகாக் ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினால் நல்ல வெண்கலம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது பித்தளை, உள்ளிருக்கும் துத்தநாகம் போய்விட்டது, ஒரு உதை விட்டால் உடைந்து வந்துவிடும். எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, ஓடவிடும் முன் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் எடுப்பதுதான் சோதனை. கடலில் கொண்டுபோய் முழு த்ராட்டில் கொடுத்து, கம்பெனி சொன்ன ஆர்பிஎம் வருகிறதா, கறுப்புப் புகை நிற்கிறதா, டெம்பரேச்சர் ஏறுகிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். மூவாயிரம் மணி நேரம் ஓடி, ஆயில் மாற்றியதற்கெல்லாம் பதிவு இருக்கும் டீசலை நான் நம்புவேன். முப்பது வருடத்தில் அறுநூறு மணி நேரம் ஓடிய எஞ்சின் துருப்பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். 40 அடியில் செயில் டிரைவ் (எஞ்சினிலிருந்து நேராகப் படகின் அடி வழியாக இறங்கும் புரொப்பல்லர் கால்) இருந்தால் அதன் ரப்பர் டயஃப்ரம் எப்போது மாற்றினார்கள் என்று பில் கேளுங்கள், வால்வோ பென்டா ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அது கிழிந்தால் படகின் அடியில் பெரிய ஓட்டை.

சுக்கானைக் கரையேற்றிய பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். அடிப்பகுதியில் தண்ணீர் ஊறி வடிகிறதா என்றும் பாருங்கள்.

சர்வேயர் புரோக்கர் சொல்லும் ஆளாக இருக்கக் கூடாது. நீங்களே தேடி, நீங்களே காசு கொடுங்கள். ரிக்கிங்குக்கு மாஸ்டில் ஏறிப் பார்க்கும் தனி ஆள் வேண்டும், பல ஹல் சர்வேயர்கள் டெக்கிலிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

முலுண்ட்_கணக்கு:

படகு பற்றி எனக்குத் தெரியாது, காகிதம் பற்றித் தெரியும். முன்பணம் கொடுக்கும்போதே, சர்வேயும் கடல் சோதனையும் திருப்தியாக இல்லையென்றால் பணம் முழுக்கத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். விற்பனைப் பத்திரம், பழைய பதிவை ரத்து செய்த சான்று, கடன் பாக்கி இல்லை என்பதற்கு ஆதாரம், இந்த மூன்றும் கைக்கு வராமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப எல்ஆர்எஸ் என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர், அனுப்பும்போது டிசிஎஸ் வரிப் பிடித்தம் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். படகை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் மதிப்பின் மேல் விழும், சின்னத் தொகை இல்லை. 70 லட்சக் கணக்கில் அதை நீங்கள் எழுதவே இல்லை. சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் முடிவு செய்யுங்கள்.

தூத்துக்குடி_தோணி:

அதனால்தான் கேட்கிறேன், படகை எதற்கு மும்பைக்குக் கொண்டுவர வேண்டும்? இங்கே பெரிய மெரினா கிடையாது, கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் மூரிங்கில் கட்டிப்போட்டால் படகுத்துறை அலையில் நாள் முழுக்க ஆடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கரையேற்றித்தான் வைக்க வேண்டும். 2021 மே 17 தவ்தே புயல் இந்தக் கரையை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம், பி305 என்ற மிதவைக் கப்பல் மூழ்கியது அந்த நாள்தான். லங்காவியிலேயே ரிப்பேர் பாருங்கள், ஜனவரி கடைசியில் வாடைக்காற்றில் கிளம்புங்கள், காற்று பின்னாலிருந்து வரும். இலங்கையின் காலி அல்லது திருகோணமலைத் துறைமுகத்தில் இளைப்பாறிவிட்டு உலிகன். மும்பை வழியாக வர வேண்டிய தேவையே இல்லை.

இந்தியத் துறைமுகத்துக்குள் எப்போது வந்தாலும் படகில் இருக்கும் சாட்டிலைட் போன் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பழைய படகுகளில் இரிடியம் சாட்டிலைட் போனைப் பொருத்தியே விற்பார்கள். அனுமதி இல்லாமல் அது நம் கடலில் குற்றம், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற சின்னக் கருவிக்குக்கூடப் பிடித்து வைக்கிறார்கள்.

செம்பூர்வாசி:

போய்விட்டு வந்தோம். நீளமாக எழுத ஆசை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

40 அடியில் தரைப் பலகையைத் தூக்கினோம். கீலின் பின் முனைக்கு மேலே சட்டகத்தின் ஓரம் ஒரு முழம் நீளத்துக்குப் புதிதாக வெள்ளை பூசியிருந்தது, மற்ற இடமெல்லாம் மஞ்சளடித்த பழைய நிறம். எப்போது, எதற்காகச் செய்தது என்று கேட்டதற்குப் பில்லும் இல்லை, பதிலும் இல்லை. கரையேற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை. அத்தோடு அதை விட்டுவிட்டோம்.

36 அடி நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, குறைகளும் இருக்கின்றன. முன் டெக்கில் நங்கூரப் பொறியைச் சுற்றி ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குத் தொப்பென்று கேட்டது, சர்வேயரின் ஈரமானியும் அதையே சொன்னது. நெரூல் சார் சொன்ன சிவப்புச் சாயத்தில் ஒரு செயின்பிளேட்டில் ஓட்டையைச் சுற்றிக் கோடு வந்தது. அந்த வயதானவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தனக்கே தெரியாது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லா செயின்பிளேட்டும், ரிக்கிங்கும் மாற்ற வேண்டும், டெக்கை வெட்டி உள் அடுக்கைப் புதிதாகப் போட வேண்டும். எஞ்சின் கையால் எழுதிய பதிவுப் புத்தகத்தோடு இருக்கிறது, ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு. விலை 35 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

மனைவியின் விஷயம்: கடல் சோதனையில் எதிர் அலையில் மூன்று மணி நேரம் போனோம், அவளே சுக்கான் பிடித்தாள். இரண்டாவது ஹேட்ச் ஒன்று வைத்து, உள் சுவருக்கு வெள்ளை அடித்தால் இந்தப் படகு போதும் என்று அவளே சொன்னாள். புதுச் செயின்பிளேட் எந்த எஃகில் செய்யச் சொல்லட்டும்? தானே ஓட்டும் கருவிக்கு மின்சார ஆட்டோபைலட் போதுமா?

நெரூல்_எஞ்சின்ரூம்:

ரொம்ப சந்தோஷம். செயின்பிளேட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் செய்து நன்றாகப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், மெட்டீரியல் சர்டிஃபிகேட் இல்லாமல் வாங்காதீர்கள். காசு இடம் கொடுத்தால் டைட்டானியம். பழையதைவிட ஒரு அளவு தடிமனாக இருக்கட்டும், டெக்கில் வெளியே வரும் இடத்தை வருடா வருடம் திறந்து பார்க்கும்படி அமையுங்கள்.

இரண்டு பேர் மட்டும் என்றால் மின்சாரம் இல்லாமல் காற்றின் விசையாலேயே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேன் கட்டாயம் வேண்டும். மின்சார பைலட் எஞ்சின் ஓடும்போதும் காற்றில்லாதபோதும் உதவும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேட்டரி விழுந்த ராத்திரியில் விண்ட்வேன்தான் மூன்றாவது ஆள். நீண்ட கீல் படகு நேர்கோட்டில் தானாகவே நிற்கும், விண்ட்வேனுக்கு அதில் வேலை சுலபம். தனியாளாக உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் பந்தயத்தில் நம் அபிலாஷ் டோமி ரஸ்ட்லர் 36 என்ற படகில் இரண்டாவதாக வந்தார், அந்தப் பந்தயமே இந்த வகை நீண்ட கீல் படகுகளுக்கும் விண்ட்வேனுக்குமானது. 1968இல் கிளம்பி 312 நாளில் நிற்காமல் உலகைச் சுற்றிய சுஹைலி என்ற படகும் 32 அடிதான், நம்ம மும்பையில் தேக்கில் கட்டியது.

ஒன்று மறந்துவிடாதீர்கள், அபாய அழைப்பு அனுப்பும் எபிர்ப் கருவி பழைய கொடியின் நாட்டுக் குறியீட்டோடு இருக்கும். புதுப் பதிவு வந்ததும் மறுபடி புரோகிராம் செய்து உங்கள் பெயரில் பதியுங்கள். இல்லாவிட்டால் அபாய அழைப்பு போகும்போது தேடுகிறவர்கள் அந்த வயதானவர் வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள்.

தூத்துக்குடி_தோணி:

வாழ்த்துகள் அண்ணே. நங்கூரச் சங்கிலி 10 மில்லி, அறுபது மீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். மாலத்தீவில் பவளப்பாறையில் கயிறு ஒரே ராத்திரியில் அறுந்துவிடும்.

செம்பூர்வாசி:

எழுதி வைத்துக்கொண்டேன். டெக்கை வெட்டும் வேலை நவம்பரில் மழை குறைந்ததும் ஆரம்பம், வெட்டியதும் உள்ளே எவ்வளவு ஊறியிருக்கிறது என்று படத்தோடு இங்கேயே போடுகிறேன்.